மோதினார் கேட்ட சந்தூக்கு

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நிலைமை அதுதான். மரத்தூள் என் நெஞ்சுக்கு ஆகாது என்று தஞ்சாவூர் டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு நான் பட்டறைக்குள் கால் வைப்பதில்லை. பூதலூரில் வாடகை வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அறுக்கப்போகும் மரத்துக்குப் படம் போட்டுக் கொடுக்கிறேன். மழைக்காலத்தில் மாடிப்படி ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

சில நாட்களுக்கு முன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலைப் பிரிவு மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், இப்ப டிசைனை மெஷின்ல ஏத்திட்டா அதுவே செதுக்கிடுது. அப்புறம் நாங்க உக்காந்து எதைச் சார் யோசிக்கணும்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கும் அவளோடு படிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டம் வாங்கினேன். பட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. பக்கத்துக் கடைத்தெரு ஊரில் அமீன் பாய் என்பவர் மரப்பட்டறை வைத்திருந்தார். வீடுகளுக்குப் போய் அளவெடுத்து, கம்ப்யூட்டரில் படம் வரைய ஓர் ஆள் வேண்டும் என்றார். மின்விசிறிக்குக் கீழே உட்காரும் வேலை என்பதால் அம்மாவுக்குச் சந்தோஷம்.

நான் வரைந்த முதல் கதவே நிலையில் உட்காரவில்லை. பட்டறையின் தலைமைத் தச்சர் குமார் ஆசாரி, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், கதவை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"படமெல்லாம் கரெக்டா இருக்கு பட்டதாரி. வீடுதான் தப்பா இருக்கு. இடிச்சுட்டு உன் படத்துக்குத் தகுந்த மாதிரி கட்டச் சொல்லிடுவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவோடு அந்த வீட்டுக்குப் போனேன். சுவர் சாய்ந்திருந்தது, நிலையும் கூடவே சாய்ந்திருந்தது. கதவின் எந்தப் பக்கத்தை எவ்வளவு இழைத்தால் அது உட்காரும் என்று அங்கே நின்று பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது. குமாரிடம் இழைப்புளியைக் கேட்டேன். "உடைச்சுடாத, உன் சர்ட்டிபிகேட்டை விட அது பழசு" என்று சொல்லிக் கொடுத்தார். அன்று மாலை கதவு உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து படம் வரையும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நான் பட்டறையிலேயே நின்றேன்.

கூர் தீட்டவும், நேராக அறுக்கவும், மூட்டுப் போடவும் படித்த காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கை கிழிந்தது, ஆறியது, மறுபடி கிழிந்தது. "வெயில்ல நிக்காத வேலையாப் பாருன்னு படிக்க வச்சா, இவன் உளியைத் தூக்கிட்டு அலையிறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டாள். அப்பா ஒருநாள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அமீன் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் ஒரு பெரிய மரவேலைக் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தச் சாமானாக இருந்தாலும் பசை தடவும் முன் முழுசாகக் கோத்து நிறுத்திவிட வேண்டும். அது ஒரு பகல் முழுக்கப் பட்டறை நடுவில் நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை இடித்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் பாய் வருவார். கண்ணால் பார்க்க மாட்டார், உள்ளங்கையை வைத்து ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரைக்கும் தடவுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். கைக்கு ஏதாவது உறுத்தினால் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். போட்டுவிட்டுப் போய்விடுவார்.

"என்ன பாய் தப்பு?" என்று கேட்டால், "பாரு தம்பி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது.

அவருடைய வழி அது. எனக்கென்று ஒரு வழி மெல்ல மெல்லப் பிடிபட்டது. திருவையாற்றில் ஒரு பாட்டு வாத்தியார், தரையில் உட்கார்ந்து நோட்டு வைத்துப் பார்க்க ஒரு சாய்வு மேசை கேட்டார். ஏற்கெனவே இரண்டு மேசை வாங்கி இரண்டையும் மூலையில் போட்டிருந்தார். நான் உடனே அளவெடுக்கவில்லை. ஒரு பாடம் முடியும் வரை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அவர் வலது தொடையில் தாளம் போடுவார், ஒவ்வொரு தட்டுக்கும் முழங்கை மேசைக்காலில் இடித்தது. வலது பக்கக் காலை உள்ளே தள்ளி வைத்து ஒரு மேசை செய்துகொடுத்தேன். அது மூலைக்குப் போகவில்லை. டிசைன் என்பது இதுதான் என்று அன்று முடிவு செய்தேன். சாமானைப் பார்க்காதே, அதைப் புழங்குகிற உடம்பைப் பார், உடம்புக்கு அளவெடு. இந்த விதியை வைத்து நிறைய நல்ல வேலை செய்தேன். பெருமையும் இருந்தது. அந்த விதி என்னைக் கைவிட்டது ஒரே ஒரு வேலையில்.

பட்டறை இருந்த ஊரின் பள்ளிவாசலில் மோதினாராக இருந்தவர் சுலைமான் பாய். ஐந்து வேளையும் பாங்கு சொல்வது அவர் வேலை. அது மட்டுமில்லை, ஒரு வீட்டில் மவுத்து, அதாவது சாவு, என்றால் முதலில் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். பள்ளிவாசல் பின்கட்டிலிருந்து சந்தூக்கை எடுத்துக் கழுவித் துடைத்து அந்த வீட்டுக்குக் கொண்டுபோவார். சந்தூக்கு என்றால் இறந்தவரை வைத்துத் தூக்கிப்போகும் மரப்பெட்டி. அடக்கம் முடிந்ததும் பெட்டி திரும்பிப் பள்ளிக்கே வந்துவிடும், அடுத்தவருக்காக. ஊருக்கு ஒன்றுதான். பணக்காரர், ஏழை எல்லோருக்கும் அதுவேதான்.

அங்கே இருந்த சந்தூக்கு பழைய பர்மா தேக்கு. அடியிலும் பக்கத்திலும் கனத்த பலகை. செய்த காலத்தில் ஊரில் வாட்டசாட்டமான ஆட்கள் நிறைய இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில். தூக்குவதற்கு மிஞ்சியிருப்பவர்கள் முழங்கால் வலிக்காரர்கள். அடக்கம் செய்யும் கபுருஸ்தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். போகும் வழி வாய்க்கால் கரைதான், பெட்டிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் அந்தப் பக்கம் ஓர் ஆள் நடக்கத்தான் இடம். பாதி வழியில் மதகு. அங்கே வந்ததும் தூக்குகிறவர்களுக்கு மூச்சு முட்டிவிடும். பெட்டியை மதகுக் கல்மேல் இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை இறக்கும்போது கை நழுவிப் பெட்டி கல்லில் டமாரென்று இடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வேறு வழி பார்க்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது.

ஒருநாள் சுலைமான் பாயும் பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்தைச் சேர்ந்த ஷாஜகான் பாயும் பட்டறைக்கு வந்தார்கள். சுலைமான் பாய் முகமெல்லாம் வீங்கி, நிறம் மங்கி இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரா வாரம் தஞ்சாவூருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"அமீனு, இதெல்லாம் வேண்டாத வேலை. ரோட்டைச் சுத்திப் போனா வண்டி நேரா கபுருஸ்தான் வாசல்லயே நிக்கும். ஏத்துனோமா எறக்குனோமான்னு இருக்கலாம்" என்றார் ஷாஜகான் பாய்.

"உனக்கு அப்படி வச்சுக்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார் சுலைமான் பாய். பிறகு அமீன் பாயைப் பார்த்தார். "எனக்கு ரெண்டே ரெண்டுதான். என்னை வண்டியில ஏத்தக் கூடாது. மதகுல எறக்கி வைக்கக் கூடாது. பள்ளியில தொழுகை முடிஞ்சு தூக்குனா, ஊரு தோள்ல வச்சு ஒரே நடையாக் கொண்டுபோய்ச் சேக்கணும். இந்த ஊர்ல எத்தனை பேத்தை நான் தூக்கியிருக்கேன். எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல, மூணும் பொண்ணு. யாரு வந்து தூக்குவான்னு கேக்கவும் எனக்கு ஆளில்ல. அதான் மரத்துக்கிட்ட கேக்க வந்தேன்."

"இப்ப என்ன அவசரம், நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார் ஷாஜகான் பாய்.

"நீ என்னைப் பாத்துச் சொல்லு, அப்புறம் நம்புறேன்" என்றார் அவர். ஷாஜகான் பாய் தரையைப் பார்த்துக்கொண்டார்.

கனம் குறைந்த புதுச் சந்தூக்கு செய்யும் வேலை என்னிடம் வந்தது.

ஒரு சங்கடம் இருந்தது. புழங்குவதைப் பார்த்துவிட்டுச் செய்வதுதானே என் வழக்கம். சந்தூக்கைப் புழங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரில் ஒருவர் சாக வேண்டும். அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார மனசு வருமா? முன்பு ஜனாஸா ஊர்வலம் தெருவில் போகும்போதெல்லாம் நான் பட்டறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றவன், உற்றுப் பார்த்ததில்லை. ஆகவே பெட்டியை வெறுமனே வைத்து அளந்தேன். தூக்கியவர்களைக் கேட்டேன். கனம் என்றார் ஒருவர். தோள்பட்டை எலும்பில் விளிம்பு அறுக்கிறது என்றார் இன்னொருவர். கரையில் சறுக்குகிறது என்றார் மற்றவர். எல்லாம் எழுதிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

கனத்தைக் குறைப்பது எனக்குச் சுலபமாக வந்தது. அடிப்பலகையே வேண்டாம் என்றேன். மெல்லிய தேக்குச் சட்டத்தில் கட்டிலுக்குப் பின்னுவது போல நாடாவை நெருக்கிப் பின்னினேன், கழுவினால் தண்ணீர் நிற்காது. பக்கப் பலகைக்குப் பதில் ஒல்லியான கம்பிகளாக மரத்தைக் கடைந்து நிறுத்தினேன். பழையதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. குமார் ஆசாரி ஒரு பக்கத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "பட்டதாரி, காத்தடிச்சா பறந்துடப் போவுதுய்யா" என்றார்.

நான் பெருமைப்பட்டது தூக்குகிற தண்டுகளைப் பார்த்துத்தான். இரண்டு நீளத் தண்டு. தோள் படும் இடங்களில் அடிப்பக்கத்தைக் குடைந்து பள்ளமாக்கினேன். ஆட்களை நிறுத்தி, தோளை அளந்து, ஒவ்வொரு பள்ளத்தையும் தோளின் சரிவுக்குத் தக்கபடி உளியால் செதுக்கினேன். தோளை வைத்தால் குழந்தையின் தலை தலையணையில் படிவது போலப் படியும். கோத்து நிறுத்திய அன்று சாயங்காலம் அமீன் பாய் தடவிக்கொண்டே வந்து, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். வழவழப்புப் போதவில்லை என்று நினைத்து உப்புத்தாள் போட்டு இன்னும் தேய்த்தேன். மறுநாளும் அதே இடத்தில் குறி. மறுபடி தேய்த்தேன்.

ஒரு விடியற்காலை, சுபுஹு தொழுகை முடிந்து வந்தவர்களைக் கொண்டு வாய்க்கால் கரையில் ஒத்திகை பார்த்தோம். பெட்டிக்குள் இரண்டு மூட்டை விதை நெல். சுலைமான் பாய்க்குக் கரை முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். தூக்கினார்கள். தோள்கள் பள்ளத்தில் உட்கார்ந்தன. "அட, கனமே தெரியலப்பா" என்று ஒருவர் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். முன்னால் நடந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பி, வழக்கப்படி தண்டின் முன் நுனிக்குள் தோளைக் கொடுத்தார். ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தவர் வழக்கப்படி பின்னால் நழுவப் பார்த்தார். நழுவ முடியவில்லை. நான் அத்தனை அக்கறையாகக் குடைந்த பள்ளம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர் அவர்மேல் இடித்தார். பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. ஆட்கள் பிடித்துவிட்டார்கள், ஆனால் ஒரு மூட்டை சரிந்து தண்ணீரில் விழுந்து வாய் பிரிந்துகொண்டது. விதை நெல் வாய்க்காலோடு போவதைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றோம்.

"பாத்துக்கங்க. மூட்டைக்கே இந்தக் கதி" என்றார் ஷாஜகான் பாய். "அடுத்த மவுத்துக்கு வண்டிதான். ஜமாஅத்துல சொல்லிடுறேன்."

சுலைமான் பாய்தான் சிரித்தார். "மூட்டையாப் போச்சு. நானா இருந்திருந்தா குளிப்பாட்டுனவனை மறுபடியும் குளிப்பாட்ட வேண்டியிருந்திருக்கும்."

எல்லோரும் போன பிறகு நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நடந்துக்கிட்டே தோள் மாத்துவீங்கன்னு யாருமே சொல்லலியே பாய்."

"நடக்கிறப்ப கையை வீசுறோம், அதை யாராச்சும் சொல்லுவாங்களா? நீ கேட்டப்ப எனக்கே ஞாபகம் வரல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "வந்தவன் அத்தனை பேரும் ரெண்டு எட்டாவது தூக்கணும். முன்னால புது ஆளு வருவான், பழைய ஆளு பின்னால போய்க்கிட்டே இருப்பான். மதகு வர்ற வரைக்கும் பெட்டி நிக்காது. சண்டை போட்டுப் பேசாம இருந்தவன்கூட அன்னிக்கு வந்து நுழைஞ்சுடுவான்."

பட்டறைக்கு வந்து அமீன் பாயிடம், அந்தக் குறியை இதற்காகத்தான் போட்டீர்களா என்று கேட்டேன். "இல்ல தம்பி. கையை ஓட்டினா அந்த எடத்துல நின்னுச்சு. ஏன்னு எனக்கும் தெரியல" என்றார். எத்தனையோ பேரைத் தூக்கியவர்தான் அவரும்.

தப்பு எங்கே என்று அன்று முழுக்க யோசித்தேன். எங்கள் தெருவில் பாடை கட்டுவார்கள். செத்தவரின் நீளத்துக்குப் பச்சை மூங்கிலை வெட்டி, தென்னை ஓலையைப் பின்னி, அந்த ஒருவருக்காக மட்டும் கட்டுவது. சுடுகாட்டோடு அதன் வேலை முடிந்துவிடும். அவர் குட்டையா நெட்டையா, தூக்குகிற நால்வர் யார் என்று பார்த்துத்தான் கட்டுவார்கள். அதே புத்தியோடு நான் இதையும் செய்திருந்தேன். ஒரு மனிதருக்கு, நான்கு தோளுக்கு. ஆனால் சந்தூக்கு யாருடைய அளவுக்கும் உரியதில்லை. அதைத் தூக்கும் தோள் நின்ற இடத்தில் நிற்காது. உடம்புக்கு அளவெடு என்ற என் விதிக்கு இங்கே அளவெடுக்க ஓர் உடம்பே இல்லை. நான் பார்த்திருக்க வேண்டியது தோளை அல்ல, ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போகும் அந்த நகர்வை.

ஷாஜகான் பாயிடம் போய் இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டேன். "தம்பி, எனக்கு மட்டும் ஆசையா? நான் தூக்கி நழுவவிட்டா அந்தாளு மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார். அவர் தோள்பட்டையில் அறுவைசிகிச்சை நடந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "செய். அதுக்குள்ள எதுவும் ஆயிடக் கூடாது, அதான்."

சுலைமான் பாயை அந்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

பள்ளம் குடைந்த தண்டுகளைக் கழற்றிப் போட்டோம். புதுத் தண்டுக்கு முடிச்சு இல்லாமல் நேராக ஓடும் மரம் வேண்டும். குமார் ஆசாரியும் நானும் வாள்பட்டறை வாள்பட்டறையாக ஏறி இறங்கி இரண்டு தேக்குத் துண்டுகளைப் பிடித்தோம். மெஷினில் கொடுக்காமல் கையாலேயே இழைத்தோம். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, லேசாக உருண்டு இருக்க வேண்டும், கனம் ஓர் எலும்பில் இறங்காமல் பரவுவதற்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கேயும் தடை கூடாது. முன் நுனியைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கினாற்போல் இழைத்தோம், புதிதாக நுழைகிறவர் தோள் இடிபடாமல் மெல்லக் கனத்துக்குள் வருவதற்கு. பின்நுனியும் அப்படித்தான், விடுகிறவர் திடீரென்று விடாமல் கனம் அவரைவிட்டு ஒழுகிப் போவதற்கு. தோளுக்கு எட்டாத குட்டையானவர் உள்ளங்கையால் தாங்குவார், அதற்கும் அந்த உருண்ட அடிப்பக்கமே ஒத்துவந்தது.

இழைக்கும்போது எனக்கு இழுப்பு வரும். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இழைப்பேன். "நீ முந்திக்காதய்யா, இது அவருக்குச் செய்யுறது" என்று குமார் ஆசாரி இழைப்புளியைப் பிடுங்கிக்கொள்வார். கண்ணில் மட்டும் சிரிப்பு இருக்காது.

முடித்த அன்று அமீன் பாய் கையால் தடவவில்லை. தண்டுக்குக் கீழே குனிந்து, முன்நுனியில் தோளைக் கொடுத்து, பின்நுனி வரை நடந்து வெளியே வந்தார். மறுபடி ஒரு தடவை நடந்தார். "பசை போடலாம்" என்றார்.

கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு என் பதில் இதுதான். அந்தத் தண்டை இன்று மெஷினில் கொடுத்தால் எங்களைவிடச் சுத்தமாகவே அறுத்துத் தரும். முதலில் செய்த பள்ளத்தையும் அதே சுத்தத்தோடு அறுத்துத் தந்திருக்கும். எதை அறுக்கச் சொல்வது என்பதற்காகத்தான் நீ யோசிக்க வேண்டும்.

சுலைமான் பாய் ஐப்பசி அடைமழையில் இறந்தார். புதுச் சந்தூக்குக்கு இன்னொரு ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அவரே முதல் ஆள்.

காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. கரை சேறாகக் குழைந்து கிடந்தது. தெருமுனையில் வண்டியும் வந்து நின்றுகொண்டிருந்தது, யார் சொல்லி வந்ததோ தெரியாது. வெளியூரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், "இந்தச் சேத்துல எப்படிங்க? மையித்துக்கு மரியாதை வேணாமா? வண்டியிலயே வச்சுடலாம்" என்றார். உண்மையில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நழுவினால் அது என் வேலையின் குற்றம்.

குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகம் காட்டி முடித்திருந்தார்கள். பெண்கள் வாசலோடு சரி, கபுருஸ்தானுக்கு வர மாட்டார்கள். மூத்த மகள் மெகர் வாசற்படியில் வந்து நின்றார். அப்போதும் அவர் அழவில்லை.

"அத்தா என்ன கேட்டாங்கன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஷாஜகான் பாய் வேட்டியை மடித்துக் கட்டினார். "வண்டியை எடுக்கச் சொல்லுங்கப்பா, வழியில நிக்குது" என்று சொல்லிவிட்டு, அறுவைசிகிச்சை செய்யாத தோளை முன் தண்டுக்குக் கொடுத்தார்.

தெருவிலும் பள்ளிவாசலில் தொழுகை முடியும் வரையிலும் எல்லாம் சரியாகவே போயிற்று. கரைக்கு வந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. சறுக்குகிற கரையில் பெட்டிக்குப் பக்கவாட்டில் முந்திப்போய் முன்னால் நுழைய யாருக்கும் இடமில்லை. தூக்கியவர்களே தூக்கினால் மதகைத் தாண்டித் தாங்க மாட்டார்கள். அப்போது யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, ஆட்கள் கரையைவிட்டு இறங்கினார்கள். ஒரு பக்கம் முழங்கால் சேற்றில், இளம் சம்பாப் பயிருக்குள். மறுபக்கம் வாய்க்கால் சரிவில், புல்லைப் பிடித்துக்கொண்டு. முன்னால் ஓடி ஓடி, கரை நெடுக வரிசையாகப் போய் நின்றுகொண்டார்கள். எங்கள் தெரு ஆட்களும் வந்திருந்தார்கள், கடைத்தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், குமார் ஆசாரி பயிருக்குள் நின்றார். யார் வயல் என்று யாரும் கேட்கவில்லை. வயல்காரரும் அந்த வரிசையில்தான் எங்கேயோ நின்றிருப்பார்.

பெட்டி வரும். நிற்கிறவர் ஓர் எட்டு மேலே ஏறி நுனிக்குள் தோளைக் கொடுப்பார். இரண்டு மூன்று எட்டு நடப்பார். கனம் அவரைவிட்டுப் போகும், அவர் சரிவில் இறங்கிக்கொள்வார். அடுத்தவர் ஏறுவார். தூக்குகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பெட்டி ஒரே மாதிரி நடந்துகொண்டிருந்தது.

நான் மதகுக்குப் பக்கத்தில் நின்றேன். முன்னால் வந்த பெரியவர் ஒருவர் பழைய பழக்கத்தில் கல்லைப் பார்த்து நடையைக் குறைத்தார். பின்னாலிருந்து ஷாஜகான் பாயின் குரல் வந்தது. "நிக்காதீங்க, போங்க, போங்க." நான் ஏறித் தோளைக் கொடுத்தேன். நுனி மெல்லத் தொட்டது, பிறகு கனம் வந்தது, தோள்முழுக்கப் பரவியது, இரண்டு எட்டில் பின்னால் நழுவி வேறொருவரிடம் போய்விட்டது. எங்கேயும் பிடிக்கவில்லை. சரிவில் இறங்கி, மூச்சுக்காக இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அது மதகைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சந்தூக்கைப் பள்ளிவாசல் பின்கட்டில் கழுவி வைத்துவிட்டு, நான் அந்த வீட்டு வழியாக வந்தேன். மெகர் அக்கா அதே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். என் கால் முழங்கால் வரை சேறாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தார்.

"தம்பி, வழியில எங்கயாச்சும் கீழ வச்சாங்களா?"

"இல்லக்கா. ஒரு எடத்துலயும் வைக்கல."

"மதகுல?"

"மதகுலயும் வைக்கலக்கா."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே திரும்பி, கூடத்தில் உட்கார்ந்திருந்த தங்கைகளிடம், "எங்கயும் எறக்கலையாம்" என்றார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அந்த வீட்டிலிருந்து தெருவுக்குக் கேட்டது.